தொகை வந்த வழி

கூட்டுறவுச் சங்கங்களின் மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர் கையில் இன்று கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு தாள்தான். கணினியில் எக்ஸெல் என்னும் விரிதாளில் தயாரித்து, கட்டம் கட்டி அச்சிட்ட தாள். கொள்முதல் செய்த நெல் இத்தனை குவிண்டால், வழங்கிய நூல் இத்தனை கிலோ, வரவேண்டிய பாக்கி இவ்வளவு என்று எண்கள் வரிசையாக நிற்கும். அடித்தல் திருத்தல் ஒன்றும் இராது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் கணக்கு சரியாகவும் இருக்கும் என்று நம்புவது மனித சுபாவம். முன்னாளில் பேரேட்டில் ஒரு தொகை அடித்து எழுதப்பட்டிருந்தால், ஏன் என்று கேட்க யாரேனும் ஒருவர் எழுந்திருப்பார். அடித்தலே தெரியாத தாளில் எதைப் பார்த்துக் கேட்பது?

இக்கேள்விக்கு விடை உண்டு. நெசவுத் தொழிலிலும் உழவுத் தொழிலிலும் ஈடுபட்டுள்ள நம் அங்கத்தினர்கள் அவ்விடையை அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகிறோம். 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதியன்று மத்திய அமைச்சரவை, நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. காகிதக் கணக்கு கணினிக் கணக்காக மாறிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், இறுதித் தொகையை மட்டும் பார்த்துத் திருப்தியடையும் பழக்கம் வேரூன்றிவிட்டால் பிறகு அதை மாற்றுவது கடினம்.

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே, சிற்றாற்றின் பாசனத்தில் வாழும் இலஞ்சிவாசிகளுக்கு அவர்கள் மாவட்டத்தையே உதாரணமாகக் காட்டலாம். திருநெல்வேலி மாவட்டத்தின் நெல் பரப்பு, தறிகள், சங்கங்கள் இவற்றுள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, 2011 முதல் 2021 வரை ஆண்டுவாரியாக ஓர் அட்டவணை போடுவதாக வைத்துக்கொள்வோம். மாவட்டத்தின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால், கடைசி இரண்டொரு வரிகளில் திடீரென்று ஒரு பெரும் பள்ளம் விழும். பாதித் தறிகள் எங்கே போயின? வயல்கள் தரிசாகிவிட்டனவா? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், திருவேங்கடம், ஆலங்குளம் ஆகிய எட்டு வட்டங்கள் பழைய மாவட்டத்திலிருந்து பிரிந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 14 இலட்சம் பேருடைய பகுதி வேறு தலைப்புக்குப் போயிற்று. சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் முதலிய நெசவூர்களும் அவற்றோடு போயின. தறி அதே வீட்டில்தான் இருக்கிறது, தலைப்புதான் மாறியது.

இதற்கு முன்பும் இப்படி நிகழ்ந்ததுண்டு. இலஞ்சிக்கு மேற்கே சில மைல் தூரத்திலுள்ள செங்கோட்டை 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரையில் திருவாங்கூர்-கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. 1986 அக்டோபர் 20ஆம் தேதி சிதம்பரனார் மாவட்டம், அதாவது இன்றைய தூத்துக்குடி மாவட்டம், திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ஆகவே 1951, 1961, 1991, 2021 என்று வரிசைப்படுத்திய அட்டவணையில் 'திருநெல்வேலி' என்ற ஒரே சொல் நான்கு வெவ்வேறு நிலப்பரப்புகளைக் குறிக்கும்.

பொறுப்புள்ள ஒருவர் இதை எப்படிச் சரிசெய்வார்? 2019க்குப் பிந்திய ஆண்டுகளுக்குத் தென்காசியையும் திருநெல்வேலியையும் கூட்டிக் காட்டலாம். அல்லது வட்டவாரிக் கணக்குக்கு இறங்கி, முந்திய ஆண்டுகளையும் இன்றைய எல்லைப்படி பிரித்துக் காட்டலாம். இரண்டும் நேர்மையான முறைகளே. ஆனால் இரண்டும் வெவ்வேறு எண்களைத் தரும். மூன்றாவதாக ஒரு விபத்தும் உண்டு. பிரிவினை நடந்த ஆண்டின் நடுவில் தொகுத்த புள்ளிவிவரத்தில் 'திருநெல்வேலி' என்ற வரி தென்காசியையும் உள்ளடக்கியிருந்து, தொகுப்பவர் அதனுடன் தென்காசியை மறுபடியும் கூட்டிவிட்டால், எட்டு வட்டங்களின் தறிகள் இரட்டிப்பாகிவிடும். அச்சிட்ட தாளைப் பார்த்து இம்மூன்றில் எது நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. தொகை வந்த வழியைப் பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும்.

அவ்வழியைக் காட்டும் கருவி எக்ஸெலுக்குள்ளேயே இருக்கிறது. பவர் குவெரி என்பது அதன் பெயர். எக்ஸெல் 2010, 2013 பதிப்புகளுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்த இது, 2016 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. வெளியிலிருந்து வரும் கோப்பை உள்ளே வாங்கி, வேண்டாத வரிகளை நீக்கி, தேதியைத் தேதியாக்கி, இரண்டு பட்டியல்களை இணைத்து, கடைசியில் ஒரு சுத்தமான அட்டவணையாகத் தாளில் இறக்கித் தருவது இதன் வேலை. இதன் சிறப்பு, செய்த ஒவ்வொரு செயலையும் ஒரு படியாக, செய்த வரிசையிலேயே, எழுதி வைத்துக்கொள்வதாகும். மூலக் கோப்பை இது தொடுவதில்லை. பழைய முறையில் ரசீதிலிருந்து நாள்வழிச் சிட்டைக்கும், சிட்டையிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கும் எண்கள் ஏறிச் செல்லும் அல்லவா? எந்தக் கட்டத்திலும் நிறுத்திப் பின்னோக்கிப் போகலாம். அந்த வசதியைத்தான் இது கணினியில் தருகிறது.

பார்க்கும் முறை எளியது. எக்ஸெல் கோப்பைத் திறந்து, மேலேயுள்ள 'டேட்டா' என்ற பகுதியில் 'குவெரீஸ் அண்டு கனெக்‌ஷன்ஸ்' என்பதை அழுத்தினால், வலப்பக்கம் ஒரு பட்டியல் தோன்றும். அதிலுள்ள பெயரை இருமுறை சொடுக்கினால் வேறொரு சாளரம் திறக்கும். அதன் வலப்புறம் 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' என்ற தலைப்பின் கீழ்ப் படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். முதற்படி 'சோர்ஸ்', எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்று அது சொல்லும். ஒவ்வொரு படியையும் தொட்டால், அந்தக் கட்டத்தில் அட்டவணை எப்படி இருந்தது என்று கண்முன் தெரியும். சில படிகளின் ஓரத்தில் பற்சக்கரம் போன்ற குறி இருக்கும். அதைத் தொட்டால் அப்படியில் என்ன நிபந்தனை இட்டார்கள் என்பது விளங்கும். மேலே ஒரு வரியில் அப்படியின் சூத்திரமும் எழுதியிருக்கும். ஆங்கிலம் முழுதும் தெரியாதவரும் அதில் வரும் எண்களையும் கோப்பின் பெயரையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். பல பட்டியல்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், 'வியூ' பகுதியிலுள்ள 'குவெரி டிப்பென்டென்சீஸ்' என்பது எது எதிலிருந்து பிறந்தது என்று வம்சாவளி போலப் படம் வரைந்து காட்டும். பார்த்து முடித்த பின், மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேறிவிட வேண்டும்.

இப்படிகளுள் முதலில் தேடிப் பார்க்கவேண்டியது 'சேஞ்ஜ்டு டைப்' என்பது. இதை எவரும் கேட்காமலே கருவி தானாகப் போட்டுக்கொள்ளும். இது எண், இது தேதி, இது எழுத்து என்று அதுவே முடிவு செய்யும். இந்த முடிவு பிழையானால் வரும் விபரீதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

நாம் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முன்னே எழுதுகிறார்கள். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்து, நாம் அனுப்பும் கோப்பில் தேதி நம் முறையில் இருந்தால் என்ன ஆகும்? ஒரு சங்கம் ஏப்ரல் மாதம் நாள்தோறும் நெல் வாங்கி ரசீது கொடுத்தது என்று கொள்வோம். ஏப்ரல் 1ஆம் தேதி ஜனவரி 4 ஆகிவிடும். 2ஆம் தேதி பிப்ரவரி 4. 3ஆம் தேதி மார்ச் 4. நான்காம் தேதி மட்டும் தப்பும், ஏனெனில் அங்கே நாளும் நான்கு, மாதமும் நான்கு. 5 முதல் 12 வரையிலான தேதிகள் மே முதல் டிசம்பர் வரை சிதறிப்போகும். 13 முதல் 30 வரையிலான 18 நாட்களுக்குப் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாமையால், கருவி அவற்றைப் பிழை என்று குறித்துவிடும். 30 நாட்களில் சரியாக நிற்பது ஒரே நாள்.

இத்தனை பெரிய தவறு தெரியாமல் போகுமா என்று கேட்கலாம். முதலில் தெரியத்தான் செய்யும். வலப்பக்கப் பட்டியலில் இத்தனை பிழைகள் என்று கருவியே எண்ணிக் காட்டும். ஆனால் மாலைக்குள் தாளை அனுப்பவேண்டிய அவசரத்திலிருக்கும் எழுத்தருக்கு அந்த எண் ஒரு தொந்தரவு. 'ரிமூவ் எர்ரர்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பிழையுள்ள வரிகள் அனைத்தும் மறைந்துவிடும், எச்சரிக்கையும் மறைந்துவிடும். தாள் சுத்தமாகிவிட்டது! 13ஆம் தேதிக்குப் பிறகு நெல் கொண்டுவந்து போட்டவர்களும் அத்துடன் காணாமற்போனார்கள்.

ஒரு முழு ஆங்கில ஆண்டை இப்படி நடத்தினால் 365 நாட்களில் 144 நாட்களே மிஞ்சும், மாதத்திற்குப் பன்னிரண்டாக. அவற்றுள் நாளும் மாதமும் ஒத்த 12 நாட்களே தம் இடத்தில் இருக்கும். மற்றவை ஒன்றின் இடத்தில் ஒன்று மாறி அமர்ந்துகொள்வதால், எல்லா மாதங்களிலும் ஏதோ ஒரு கொள்முதல் இருப்பதாகவே தாள் காட்டும். விளைச்சல் குறைந்த ஆண்டு போலும் என்று நினைத்துக்கொண்டு நாம் வீடு திரும்புவோம்.

இதிலே மற்றுமொரு நுட்பம் இருக்கிறது. சங்கத்தின் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. இப்பகுதியில் பிசான அறுவடை மாசி, பங்குனியில் நடக்கிறது. ஏப்ரல் முதல் மூன்று நாட்களில் வந்த நெல், மேற்சொன்னபடி ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு நழுவினால், அது முந்திய ஆண்டின் கணக்கிற்குள் போய்விடும். கிராமக் கணக்கோ பசலியை அனுசரிக்கிறது. அது ஜூலை முதல் தேதி பிறக்கும். கார் சாகுபடி ஜூனில் தொடங்குகையில் ஒரு பசலி, அறுவடையாகையில் அடுத்த பசலி. '2024-25' என்று தலைப்பிட்ட ஒரு பத்தி, ஏப்ரலில் தொடங்கும் கணக்காண்டா, 1434ஆம் பசலியா என்பது, வரிகளை ஆண்டுவாரியாகத் தொகுத்த 'குரூப்டு ரோஸ்' படிக்கு முந்திய படியில்தான் தெரியும்.

நெசவாளர் பக்கம் வருவோம். பழைய வழக்கப்படி சிட்ட நூல் சிப்பம் ஒன்றுக்குப் பத்து ராத்தல்; அதாவது 4.536 கிலோ. நூலை எடை போட்டுக் கொடுத்து, நெய்த துணியை எடை போட்டு வாங்கும் முறையில் இந்த எண் ஒவ்வொரு வீட்டின் கூலியோடும் சம்பந்தப்பட்டது. தாள் தயாரிப்பவர், சிப்பத்தைக் கிலோவாக மாற்றும் படியில், வசதிக்காக 5 என்று பெருக்கிவிட்டால், பத்துச் சிப்பம் வாங்கிய நெசவாளர் பெயரில் 50 கிலோ ஏறும். அவர் உண்மையில் வாங்கியது 45.36 கிலோ. நெய்து முடித்து, கழிவும் நீக்கி, கணக்குப் பார்க்கையில் 4.64 கிலோ நூல் குறைகிறது என்று தாள் சொல்லும். அந்நூலுக்கு விலை கட்டிக் கூலியில் பிடித்தால் அவர் என்ன செய்வார்? தாம் திருடவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை நிரூபிக்க வழி தெரியாது. பெருக்கிய படியைத் திறந்து, அங்கே 5 என்ற எண் நிற்பதைச் சுட்டிக்காட்டுவதே வழி. அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

அங்கத்தினர் எண்களிலும் இதே 'சேஞ்ஜ்டு டைப்' கை வைக்கும். 0047 என்பதை எண்ணாக எடுத்துக்கொண்டு 47 ஆக்கிவிடும். மற்றொரு பட்டியலில் 0047 எழுத்தாகவே இருந்தால் இரண்டும் சேரமாட்டா. அதைவிட மோசமானது 'ரிமூவ்டு டூப்ளிகேட்ஸ்'. அங்கத்தினர் எண்ணை மட்டும் வைத்து இரட்டை வரிகளை நீக்கச் சொன்னால், ஒருவர் மூன்று முறை கொண்டுவந்த நெல்லில் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்குத் தனியான ஒரு சங்கடம் உண்டு. சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோமதி என்ற பெயர் வீட்டுக்கு வீடு கேட்கும். கணினியில் இப்பெயரின் முதல் எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம்: ஓகார உயிர்க்குறியை ஒரே குறியாக இடலாம், அல்லது முன்னே வரும் இரட்டைச் சுழியையும் பின்னே வரும் காலையும் தனித்தனியாக இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவிக்கு இரண்டும் வேறு ஆட்கள். பெயரை வைத்து இரண்டு பட்டியல்களை இணைக்கும்போது, 'இன்னர்' என்ற வகை இணைப்பைத் தேர்ந்திருந்தால், பொருந்தாத கோமதி சத்தமில்லாமல் வெளியே நிற்பார். இணைக்கும் படிக்கு முன்னும் பின்னும் எத்தனை வரிகள் இருந்தன என்று எண்ணிப் பார்ப்பதே இதற்குப் பரிகாரம். பெயரைக் கொண்டு இணைக்காமல் அங்கத்தினர் எண்ணைக் கொண்டு இணைப்பது அதனினும் மேல்.

இவையெல்லாம் சிறு சங்கங்களின் கஷ்டங்கள் என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, 2020ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், கொரோனா நோய் கண்டவர்களுள் 15,841 பேரைத் தினசரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய கோப்புகளைப் பழைய வகை எக்ஸெல் கோப்புக்குள் மாற்றியதே காரணம். அவ்வகைத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை, மிஞ்சியவை விழுந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களுக்குச் செய்தி சொல்வதும் தாமதமாயிற்று.

அமெரிக்காவில் நடந்தது வேறு விதம். கடன் மிகுந்த நாடுகள் வளர்வதில்லை என்று ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பேராசிரியர்கள் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேச வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடன் உள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என்பது அவர்கள் கணக்கு. பல அரசாங்கங்களின் சிக்கனக் கொள்கைக்கு அது ஆதாரமாகக் காட்டப்பட்டது. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த எக்ஸெல் தாளையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுத்த கட்டத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அத்துடன், சில ஆண்டுகளின் கணக்கைச் சேர்க்காததும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் முடிவை இன்னும் அதிகமாகப் பாதித்திருந்தன. தம் பேராசிரியர்கள் இருவருடன் அவர் 2013இல் வெளியிட்ட மறுகணக்கில் அதே சராசரி 2.2 சதவீதம். கட்டுரையைப் படித்தவர் பலர். தாளைத் திறந்து பார்த்தவர் ஒருவர்.

இனி, இக்கருவியால் முடியாதவற்றையும் சொல்லிவிடுவது முறை. மூலக் கோப்புக்குள் நுழையுமுன் ஒருவர் கையால் ஓர் எண்ணை மாற்றியிருந்தால், எந்தப் படியிலும் அது தெரியாது. அதற்கு ரசீதுகளையும் சிட்டையையும்தான் எடுத்து ஒப்பிடவேண்டும். தணிக்கையாளருக்கு வேலை குறைந்துவிடவில்லை. மூலக் கோப்பு நம் கணினியில் இல்லாவிடில், படிகளின் சூத்திரங்களைப் படிக்கலாமே ஒழிய ஒவ்வொரு படியின் அட்டவணையையும் புதிதாகக் காண முடியாமற்போகலாம். பத்திகளின் தரத்தைச் சுருக்கிக் காட்டும் வசதி, நாம் மாற்றச் சொல்லாதவரை முதல் ஆயிரம் வரிகளை மட்டுமே பார்த்துச் சொல்லும். 'பிழை இல்லை' என்று அது கூறுவதை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, இறுதி அட்டவணையின் எண்களை மட்டும் நகலெடுத்து வேறொரு தாளில் ஒட்டிவிட்டாலோ, சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தாலோ, படிகள் முழுதும் உதிர்ந்துபோகும். சங்கங்களுக்கு வந்து சேரும் தாள்கள் பல அவ்வாறு உதிர்ந்தவையே என்பது நம் எண்ணம்.

ஆகையால் கேட்கவேண்டியது தாளை அன்று. படிகளோடு கூடிய கோப்பையும், தொடப்படாத மூலக் கோப்பையும். நிர்வாகக் குழுவினர் மகாசபைக்கு ஒரு வாரம் முன்னதாக இவ்விரண்டையும் சங்க அலுவலகக் கணினியில் வைத்து, விரும்பும் அங்கத்தினர் பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம். படிகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். கருவி அதை ஏற்றுக்கொள்கிறது. 'ரிமூவ்டு எர்ரர்ஸ் 1' என்றிருப்பதைவிட, 'தேதி படியாத வரிகள் நீக்கம்' என்றிருந்தால் எவருக்கும் உடனே ஐயம் எழும். ஒவ்வொரு படிக்கும் இரண்டொரு வரியில் விளக்கம் எழுதி வைக்கவும் இடம் உண்டு. தேதியைப் பொறுத்தவரை, 'யூசிங் லொகேல்' என்ற வழியில் போய் இந்திய ஆங்கிலம் என்று ஒருமுறை தேர்ந்துவிட்டால் போதும்.

விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸைப் பயன்படுத்தும் சங்கங்களில் பவர் குவெரி ஓடாது. அங்கே 'எடிட்' பகுதியிலுள்ள 'டிராக் சேஞ்ஜஸ்' என்பதைத் தாள் தொடங்கும்போதே இயக்கிவைத்தால், எந்தக் கட்டத்தில் எந்த எண் எப்போது மாறியது என்பதாவது பதிவாகும். கூகிள் ஷீட்ஸில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' அதே உதவியைச் செய்கிறது. மாற்றியவரின் பெயரையும் சேர்த்தே காட்டும். ஒரே கணக்குப் பெயரில் அலுவலகத்தார் அனைவரும் நுழையும் வழக்கம் உள்ள இடங்களில் மட்டும் அந்தப் பெயரால் பயனில்லை.